சரிவு சீதா பக்கம்

பச்சைமுத்து கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி ஓர் இழு இழுத்தான். எஞ்சின் தும்மியது. மறுபடி சுற்றி இழுத்தான். இந்தமுறை இரண்டு தும்மல், கார்பரேட்டர் வாயிலிருந்து கொஞ்சம் புகை. வேலிக்கு இந்தப்பக்கம் வேப்பங்குச்சியோடு நின்றிருந்த நான், கிளம்பிவிட்டது என்று நினைத்துக் கையைக்கூட உயர்த்திவிட்டேன். எங்கே கிளம்பியது! சக்கரம் அரைச்சுற்று தள்ளாடிவிட்டு நின்றுவிட்டது.

"வருது யா, வருது! வுடாத, இன்னொரு வாட்டி இழு!" என்று பாஞ்சாலி கத்தினாள்.

"எங்கடி வருது? மூணு நாளா இதத்தான் சொல்லினு இருக்க."

"மூணு நாளா தும்மவே இல்லியே. இன்னிக்கி தும்முது பாரு. உசுரு இருக்குது யா அதுக்கு!"

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. பெங்களூர் ஆடுகோடியில் ஓசூர் ரோட்டை விட்டுக் கீழே இறங்கினால் ஒரு பட்டறை, ஒரு தோட்டம், ஒரு லைன் வீடு என்று மாறி மாறி வரும். எங்கள் லைனுக்கும் பச்சைமுத்துவின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கள்ளிவேலி மட்டும்தான். நான் மில்லில் இரண்டாவது ஷிப்டு. மத்தியானம் சங்கு ஊதும்வரை எனக்கு வேறு ஜோலி கிடையாது. அந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாஞ்சாலி வாயைத் திறந்தால் மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும்.

வீட்டில் மூன்றே பேர். பச்சைமுத்து, அவன் பெண்டாட்டி பாஞ்சாலி, பச்சைமுத்துவின் அண்ணன் முனியப்பன். முனியப்பனுக்கு மனைவி தவறிப் பல வருஷமாகிறது. தம்பி வீட்டிலேயே சாப்பாடு. கிணற்றைச் சுற்றிக் கீரையும் கொத்தமல்லியும். அதற்கு அப்பால் ஓடைக்கரை வரைக்கும் மல்லிகை. பௌர்ணமிக்குக் கரகத் திருவிழா வந்தால் ஊர் மொத்தமும் மல்லிகை கேட்கும். அந்த ஒரு வாரத்துப் பூவில்தான் அவர்களுக்கு வருஷம் ஓடுகிறது. அரும்பு கட்டிவிட்டது, கரகம் நெருங்கிவிட்டது, இந்த நேரம் பார்த்தா தண்ணீர் நிற்க வேண்டும்! பங்குனியில் ஒரு மழையாவது அடிக்கும். அந்த வருஷம் அதுவும் ஏமாற்றிவிட்டது.

கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆழமும் அதிகமில்லை. மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. அதற்கு யார் காரணம் என்பதில்தான் சண்டை. கிணற்றிலிருந்து தோல்பையில் தண்ணீர் இறைக்கும் கபிலையை இழுத்த ஜோடியில் ஒரு மாடு தை மாசம் செத்துப்போயிற்று. வேறு ஜோடி பார்க்க முனியப்பன் சர்ஜாபுரம் சந்தைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பாஞ்சாலி மிச்சமிருந்த ஒற்றை மாட்டையும் விற்கவைத்து, சிவாஜிநகரில் பழைய இரும்புச் சாமான் விற்கிற குஜிரியிலிருந்து ஒரு பெட்ரோல் எஞ்சினையும் பம்பையும் வண்டியில் ஏற்றி வரச் செய்துவிட்டாள்.

"மாடு சும்மா நின்னாலும் திங்கும் மாமா. இது நின்னுச்சின்னா ஒண்ணும் கேக்காது" என்று அவரிடமே சொல்லவும் செய்தாள்.

முனியப்பன் காலித் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் கையால் எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டார். களித்தட்டோ மோர் டம்ளரோ, அவள் கொண்டுவந்து ஆட்டுக்கல்மேல் வைக்க வேண்டும். அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். ஒரே வீட்டுக்குள் இப்படி ஒரு வீம்பு! எனக்குப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கேட்க நான் யார்?

எஞ்சின் முதலில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதை விற்ற கவுஸ் பாய், "பிஸ்டன் ரிங்கு தேஞ்சிடுச்சி, மாத்தினா குதிரை மாதிரி ஓடும்" என்று புது ரிங்குகளைக் கொடுத்து, போடுகிற விதத்தையும் வாயாலேயே சொல்லி அனுப்பினார். மறுநாள் மகள் கல்யாணத்துக்கென்று கடையைப் பூட்டிக்கொண்டு கோலார் போய்விட்டார். பச்சைமுத்து கிணற்றடியில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்தான். கழற்றிய நட்டுகளைப் பாஞ்சாலி முறத்தில் வரிசையாக அடுக்கினாள். இரண்டு பேரும் அதுவரை கழற்றி மாட்டியது மண்வெட்டிக் காம்பு ஒன்றுதான். இருந்தாலும் ஒரு நட்டுகூட மிச்சமாகாமல் மூடிவிட்டார்கள். மூடியதிலிருந்து அது கிளம்பமாட்டேன் என்கிறது.

அன்றைக்குச் சனிக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முனியப்பன் மல்லிகைச் சாலிலிருந்து துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். எஞ்சின் பக்கத்தில் துண்டை உதறினார். பச்சைநிறம் மாறாத அரும்புகள், பொலபொலவென்று சாக்கின்மேல் விழுந்தன.

"மேலண்ட சாலு. ராவோட ராவா கொட்டினது" என்றார்.

நான் வேலியின் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டேன்.

"அண்ணா, இன்னிக்கி ஒரு நாளு பாக்கலாம்ணா" என்றான் பச்சைமுத்து.

"பாத்தாச்சிப்பா. சாயங்காலம் வண்டிக்கி சொல்லிட்டேன். இத ஏத்தினு போயி கவுஸு கடை வாசல்ல தள்ளிட்டு, நாளைக்கி ஒரு ஜோடி ஓட்டினு வந்துடறேன்."

"மாடு வந்து, வடம் மாத்தி, தோலு தெச்சி தண்ணி ஏறதுக்குள்ள செடி பூரா கொட்டிடும் மாமா" என்றாள் பாஞ்சாலி. "அதுக்கப்பறம் தண்ணி வந்து இன்னாத்துக்கு?"

"அத என்னாண்ட கேக்கறியா?"

பாஞ்சாலி வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. இரண்டு நாளாகக் குடம் குடமாகச் சேந்திச் செடிக்கு ஊற்றி, இடுப்பில் குடம் பட்ட இடம் கன்றிப்போயிருந்தது அவளுக்கு. அதெல்லாம் அந்த மண்ணுக்கு எம்மாத்திரம்? ஊற்றிய ஈரம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும்.

"நவுருப்பா, நான் இழுத்துப் பாக்கறேன்" என்று நான் கயிற்றை வாங்கினேன். மில்லில் தறி ஓட்டுகிறவன், எஞ்சின் எம்மாத்திரம் என்ற நினைப்புதான். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். சக்கரம் எதிர்ப்பக்கமாக ஓர் உதை உதைத்தது பாருங்கள், கயிறு கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தில் தொங்கியது. தோள்பட்டை கழன்றுவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். பாஞ்சாலி அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள்.

"மில்லுக்காரரே, அது உங்க தறி இல்ல!"

பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோலும் இறங்கியது. அப்புறமும் தும்மல்தான். சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தால் கை நனைந்தது. எரியாத பெட்ரோல்! உள்ளே போவதெல்லாம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஏன் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கவுஸ் பாய்மேலா, முனியப்பன்மேலா, அந்த இரும்பின்மேலா என்று சொல்லத் தெரியாத கோபம்.

"பாய் சொன்னத மறுக்கா சொல்லு யா. ஒரு எழுத்து வுடாம" என்றாள் பாஞ்சாலி.

"எத்தினி வாட்டிடி சொல்லுவேன்?" பச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் மாதிரி ஒப்பித்தான். "சக்கரத்தப் பாத்தாப்ல குந்து. பிஸ்டன் தலையில மேடு ஒண்ணு இருக்கும். மேட்டுக்கு ஒரு பக்கம் சொவரு, ஒரு பக்கம் சரிவு. சரிவு சீதா பாஜு வரணும். அவ்ளோதான் சொன்னாரு. ஆணையா அவ்ளோதான்."

"சீதான்னா நேராதானே?" என்றேன். பெங்களூரில் யாரிடம் வழி கேட்டாலும் சீதா போ என்பான். நேராகப் போ என்று அர்த்தம். இதுகூடவா தெரியாது?

"நேராதான் வெச்சோம்" என்றாள் பாஞ்சாலி. "சக்கரத்துக்கு நேரா திருப்பினா பிஸ்டனுக்குக் குறுக்க மாட்டற ஊசி ஓட்டையில போவல. அப்பறம் நான்தான் சொன்னேன், பெட்ரோலு வர்ற வாய்க்கி நேரா வெய்யின்னு. சரிவு அந்தப் பக்கம் இருந்தாதான வழுக்கினு மேல ஏறும்? வாய்க்கா வெட்டறவங்களுக்கு இது தெரியாதா? தண்ணி வர்ற பக்கம் யாராவுது சொவரு வெப்பாங்களா?"

கேட்டால் நூற்றுக்கு நூறு சரி என்றுதான் தோன்றியது. நானும் தலையாட்டினேன். முனியப்பன்கூட அதை மறுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரத்துக்குத்தான் ஜைத்தூன் பீ கூடையோடு உள்ளே வந்தாள். சிவாஜிநகர் மார்க்கெட்டில் பூக்கட்டி விற்பவள். கரகத்துக்கு இந்தத் தோட்டத்துப் பூ மொத்தமும் எப்போதும் அவளுக்குத்தான். கூடையில் ஒரு கட்டு வாழைநார் இருந்தது. வாசலிலேயே நின்று எங்களையும் சாக்கையும் முறத்தையும் பார்த்தாள்.

"அரே, க்யா மா பாஞ்சாலி! பூத்தோட்டம்னு வந்தா இங்க கராஜ் வெச்சிட்டே?"

"பூவு வரும் பீபி."

"எங்க வரும்? நான் ஓடைப்பக்கமா பாத்துட்டுதான் வந்தேன். அரும்பு கீழ கெடக்கு, எல எல்லாம் சுருண்டு போயிடுச்சி. நான் மார்க்கெட்டுல எல்லார்கிட்டயும் ஆடுகோடி மல்லி, ஆடுகோடி மல்லின்னு சொல்லி வெச்சிருக்கேன் மா. அல்லா மேல ஆணையா, எனக்கு மூஞ்சி காட்ட முடியாது."

"மொதல்ல மோரு குடிங்க. வெயில்ல வந்துகிறீங்க" என்று பாஞ்சாலி எழுந்து உள்ளே போனாள். மோர் டம்ளரோடு வந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கருப்பு எண்ணெய். அந்தக் கையால் எப்படிக் கொடுப்பது என்று, இடது கையைப் புடவையில் துடைத்து, டம்ளரை அதற்கு மாற்றி நீட்டினாள்.

ஜைத்தூன் பீ வாங்கவில்லை.

"சீதா ஹாத்ல குடு மா."

"நேராதான் பீபி குடுக்கறேன்" என்று பாஞ்சாலி கையை இன்னும் விறைப்பாக, கோல் மாதிரி நீட்டினாள்.

"நேரா யாரு கேட்டா? சீதா, சீதா! நீ டாவா ஹாத்ல குடுக்கறே. எங்க ஊட்டுல டாவா ஹாத்ல பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டோம். சீதா ஹாத் மா, சோறு திங்கற கை!"

பாஞ்சாலி அப்படியே நின்றாள். டம்ளரிலிருந்து மோர் தளும்பிக் காலில் கொட்டியது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பீபி... சீதான்னா நேரா இல்லியா?"

"ரோட்டுல போனா நேரா. கைன்னு வந்தா, பக்கம்னு வந்தா, இது." ஜைத்தூன் பீ வளையல் குலுங்க வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "இது சீதா. அது டாவா. சின்ன கொழந்தைக்கும் தெரியும்."

"பாஜுன்னா?"

"பாஜுன்னா பக்கம்தான்."

"யோவ்!" பாஞ்சாலி போட்ட கூச்சலில் முருங்கை மரத்துக் காக்காய் எழுந்து பறந்தது. "சீதா பாஜுன்னா நேர் பக்கம் இல்ல யா, சோத்துக்கைப் பக்கம்!"

டம்ளரை பீயின் கையில் திணித்துவிட்டு ஓடிவந்து சக்கரத்துக்கு எதிரே குந்தினாள். கருப்பு எண்ணெய் வழிகிற வலது கையை அப்படியே பக்கவாட்டில் நீட்டினாள். விரல் போய் நின்ற இடம் சைலன்சர். கார்பரேட்டர் இந்தப் பக்கம், இடது கைக்கு.

"மாத்திப் போட்டுட்டோம் யா! சரிவு பொகை போற பக்கம் இருக்கணும். நாம பெட்ரோலு வர்ற பக்கம் வெச்சிட்டோம்!"

"அதெப்பிடிடி? வர்ற பக்கம் சொவரு வெச்சா..." என்று ஆரம்பித்த பச்சைமுத்து பாதியில் நிறுத்தினான்.

"சொவரு இல்ல யா, கரை! வர்ற தண்ணி மடைக்கித் திரும்பணும்னா குறுக்க இன்னா போடுவ? கரைதான போடுவ? கரையில முட்டினாதான அது மேல ஏறும், திரும்பும்? நாம சரிவு வுட்டுட்டோம். உள்ள வந்தது வழுக்கினு அந்தாண்ட போயி அப்டியே சைலன்சர்ல ஊத்தினுகிது!"

நனைந்த என் கையை நான் பார்த்துக்கொண்டேன். அடடா! எரியாத பெட்ரோல் வந்ததற்கு வேறு சாட்சி வேண்டுமா? பச்சைமுத்து தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறான். பாஞ்சாலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. நடுவில் ஜைத்தூன் பீ மட்டும் ஒன்றும் புரியாமல், "நான் இன்னா மா சொல்லிட்டேன்? மோருதான கேட்டேன்?" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

முனியப்பன் நிழலிலிருந்து எழுந்து வந்து நின்றார்.

பிரிப்பது மளமளவென்று நடந்தது. சைலன்சர், கார்பரேட்டர், நாலு நட்டு. சிலிண்டரைத் தூக்கியதும் பிஸ்டன் தெரிந்தது. பாஞ்சாலி சொன்னது அப்படியே இருந்தது. சரிவு கார்பரேட்டரைப் பார்த்துக்கொண்டு, சுவர் புகைக் குழாயைப் பார்த்துக்கொண்டு. பிஸ்டனைக் கழற்ற வேண்டுமானால் அதன் குறுக்கே போகிற ஊசியை உருவ வேண்டும். ஊசி வெளியே வராமலிருக்க ஓரத்தில் கம்பி வளையம் மாதிரி ஒரு சின்ன கிளிப்பு. பச்சைமுத்து ஆணி முனையால் அதை நெம்பினான்.

"மெள்ள யா, மெள்ள" என்று பாஞ்சாலி சொல்லி வாய் மூடவில்லை. டிங்! கிளிப்பு ஆகாயத்தில் மின்னியது. எங்கே போயிற்று?

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அது இல்லாமல் மூடினால் ஊசி நகர்ந்து சிலிண்டரையே கீறிவிடும், அப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டும். அது எங்களுக்கே தெரிந்தது. வேறு கிளிப்பு வாங்கலாம் என்றால் கவுஸ் பாய் கோலாரில் பிரியாணி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாரும் கால எடுக்காதீங்க! நின்ன எடத்துல நில்லுங்க!" பாஞ்சாலி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள்.

"கொத்தமல்லிப் பாத்திப் பக்கம்தான் போச்சி, நான் பாத்தேன்" என்றேன்.

கொத்தமல்லி கணுக்கால் உயரத்துக்கு அடர்ந்து கிடந்தது, திங்கட்கிழமை அறுக்க வேண்டிய பாத்தி. அந்தத் தோட்டத்தில் மல்லிகைக்கு அடுத்து முனியப்பன் பார்த்துப் பார்த்து வளர்த்தது அதுதான். குடத் தண்ணீரில் பாதியை அதற்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு பேரும் முட்டிபோட்டுத் தழையை விலக்கி விலக்கிப் பார்த்தோம். ஜைத்தூன் பீ பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே தேடினாள். வெயில் முதுகைப் பிளந்தது. மண்ணில் மின்னுகிறதெல்லாம் காக்காப்பொன்னாக இருந்தது.

பச்சைமுத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சி பாஞ்சாலி. ஆய்த்து, முடிஞ்சிது."

அப்போது பின்னாலிருந்து "நவுரு" என்று குரல் கேட்டது. முனியப்பன். ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் எரு சலிக்கிற சல்லடை. பாத்தியின் ஓரத்தில் குந்தினார். கொத்தமல்லியைக் கைப்பிடி கைப்பிடியாக அறுத்து, ஒவ்வொரு பிடியையும் உதறி அப்பால் போட்டார். அறுத்த இடத்து மேல்மண்ணை வழித்துச் சல்லடையில் போட்டு ஆட்டினார். ஒரு பிடி, ஒரு சல்லடை. ஒரு பிடி, ஒரு சல்லடை. பச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. அவர் வளர்த்த பாத்தியை அவரே மொட்டை அடிக்கிறதைப் பார்த்துப் பாஞ்சாலி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது. என் ஷிப்டு.

"மில்லுக்காரரே, சங்கு" என்றான் பச்சைமுத்து.

"ஊதட்டும் போ! இங்க விட்டுட்டு எங்க போறது?"

நானா அப்படிச் சொன்னேன்? ஒரு நாள்கூட லேட்டாகப் போகாதவன். அன்றைக்கு எனக்கு மில்லும் தெரியவில்லை, மேஸ்திரியும் தெரியவில்லை.

பாத்தி பாதிக்குமேல் மொட்டையான பிறகு சல்லடை ஆடுவது நின்றது. முனியப்பன் இரண்டு விரலால் எதையோ எடுத்து, வேட்டியில் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா?"

நாங்கள் போட்ட கூச்சலில் எங்கள் லைன் பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். பாஞ்சாலி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். முனியப்பன் அவள் கையைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், கிளிப்பை முறத்தில் வைத்துவிட்டுச் சல்லடையைத் தட்டினார். மனுஷன் வீம்பு அப்படி!

ஊசியை உருவிப் பிஸ்டனைத் திருப்பிப் போட்டார்கள். பாஞ்சாலி சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து, "சீதா" என்று சொல்லி வலது கையை நீட்டி, சரிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறதா என்று மூன்றுதரம் பார்த்துக்கொண்டாள். கிளிப்பை மாட்டும்போது பச்சைமுத்துவின் கையைச் சுற்றித் துணியைப் போர்த்தி நானும் அவளும் பிடித்துக்கொண்டோம், மறுபடி பறந்துவிடக் கூடாதே என்று.

சிலிண்டரை இறக்குவதுதான் கஷ்டம். ரிங்கு இரண்டும் விரிந்துகொண்டு உள்ளே போக அடம்பிடித்தன. முதல்தடவை இதற்கே அரைநாள் போராடினார்களாம். ஜைத்தூன் பீ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கு ஏன் ரே இவ்ளோ அடிதடி? தள்ளு." கூடையிலிருந்து ஒரு வாழைநாரை எடுத்து எச்சில் தொட்டு நனைத்தாள். ரிங்கின்மேல் இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சு. பூக்கட்டுகிற விரலுக்கு அது ஒரு வேலையா! ரிங்கு இறுகி அடங்கிப்போயிற்று. "இப்ப எறக்கு." பச்சைமுத்து இறக்க இறக்க, நார் தானாகக் கீழே நழுவி வந்தது. வெட்டி எடுத்து வீசினாள். "சுண்டு மல்லிய கட்டறதவிட இது சுளுவு மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மூடியாயிற்று. முறத்தில் ஒரு நட்டும் இல்லை. பாஞ்சாலி ஒரு குடம் தண்ணீரைப் பம்பு வாயில் ஊற்றி மூடியைத் திருகினாள். பச்சைமுத்து கயிற்றைச் சுற்றினான். வேலி ஓரத்துப் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இழுத்தான். தும்மல்.

"சொல்ப இரு, கொஞ்சம் இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி சுற்றினான். இழுத்தான்.

படபடபடவென்று பிடித்துக்கொண்டது! சாக்கிலிருந்த தூசி எல்லாம் எழும்பி நின்றது. நீலப்புகை ஒன்று சைலன்சரிலிருந்து பீறிட்டுச் சரியான பக்கமாகப் போனது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. ஜைத்தூன் பீ காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாய் வாயில் முதலில் காற்று புறுபுறுத்தது, அப்புறம் துருத்தண்ணீர் துப்பியது, அப்புறம், அம்மாடி, முழங்கை கனத்துக்கு வெள்ளையாகத் தண்ணீர்! தொட்டி நிறைந்து வாய்க்காலில் குதித்தது.

முனியப்பன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். நேரே போனால் கீரை. வலதுபக்கம் திரும்பினால் மல்லிகை. அவர் கையைக் காட்டி ஏதோ கேட்டார். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"சீதா மாமா! சீதா!" என்று கத்திக்கொண்டே பாஞ்சாலி வலது கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

அவர் ஒரு விநாடி அவளையே பார்த்தார். பிறகு கீரை வாய்க்காலில் ஒரு கூடை மண்ணை வெட்டிப்போட்டுக் கரை கட்டினார். வந்த தண்ணீர் கரையில் முட்டி, மேலேறி, வலதுபக்கம் திரும்பி மல்லிகைக்குள் போயிற்று.

நாங்கள் எல்லோரும் தண்ணீர்கூடவே நடந்தோம். வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கிட்டே போனால்தான் கேட்டது. ஒரு சால், அடுத்த சால், அதற்கடுத்தது. முனியப்பன் ஒவ்வொரு மடையாகத் திறந்து, மூடி, திறந்துகொண்டு போனார். அரும்பு கொட்டிய மேலண்ட சாலுக்குத் தண்ணீர் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஜைத்தூன் பீ குனிந்து ஒரு கொப்பைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கமாக இன்னும் எத்தனையோ அரும்பு காம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"நிக்கும் மா. பௌர்ணமிக்கி வரும்" என்றாள். பாஞ்சாலி அங்கேயே வாய்விட்டு அழுதாள். ஒருவரும் தடுக்கவில்லை. வெளியே ரோட்டில் வண்டிக்காரன் வந்து மணியடித்தான். பச்சைமுத்து ஓடிப்போய் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். முனியப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மடையை வெட்டிக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலி வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்தாள். எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசி டம்ளரோடு முனியப்பன் நின்ற மடைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் அதை வைக்க இடம் தேடினாள். சுற்றிலும் சேறு. ஆட்டுக்கல்லுக்கு அங்கே எங்கே போவது? டம்ளரை இடது கையில் வைத்துக்கொண்டு அப்படியே திகைத்து நின்றாள்.

முனியப்பன் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார். கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு நீட்டினார்.

"சீதா ஹாத்ல குடுமா" என்றார்.

பாஞ்சாலி டம்ளரை வலது கைக்கு மாற்றினாள். முழங்கை வரைக்கும் கருப்பு எண்ணெய், மேலே கொத்தமல்லிப் பாத்தி மண். அந்தக் கையாலேயே கொடுத்தாள். அவர் வாங்கி, நின்ற நிலையிலேயே ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரில் அவள் விரல்கள் ஐந்தும் கருப்பாகப் பதிந்திருந்தன. அவர் அதைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்த மடையைத் திறக்கப் போனார்.